ஏழு மாதமாக லீவு எடுக்காத நேர்ஸ் தங்கச்சிக்கு

கேள்வி: வன்னியில் விடுதியோடு சேர்ந்த ஒரு பாடசாலையில் தாதியாக இருக்கிறேன். வயது 29. இதற்கு முதல் யாழ்ப்பாணத்தில் ஒரு தனியார் வைத்தியசாலையில் நான்கு வருடம் வேலை செய்தேன். இங்கே 640 பிள்ளைகள், அதில் 120 பேர் விடுதியில். ஒரு நாளைக்கு முப்பது நாற்பது பேர் சிக் ரூமுக்கு வருவார்கள். வந்து ஏழு மாதத்தில் ஒரு நாள்கூட லீவு எடுத்ததில்லை. இப்போது நிர்வாகம் 'சுகாதாரப் பிரிவு' என்று ஒன்றை அமைத்து என்னைப் பொறுப்பாகப் போட்டிருக்கிறது. எனக்குக் கீழே இரண்டு பேர்: 52 வயதான ஒரு சுகாதாரத் தொண்டர் அக்கா, மற்றது விடுதிப் பொறுப்பாளர். அக்கா நான் சொல்வதைக் கேட்பதில்லை. "நீங்கள் படிச்ச ஆள், நாங்கள் பட்ட ஆக்கள்" என்று சிரித்துவிட்டுப் போய்விடுவார். மாதக் கூட்டத்தில் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது. போன முறை அதிபர், "அடுத்த கூட்டத்துக்கு ஒரு பிளான் கொண்டு வாங்கோ மிஸ்" என்றார். காயம் கட்டத் தெரியும், காய்ச்சல் பார்க்கத் தெரியும். தலைமை தாங்க எனக்குத் தெரியாது. ஏதாவது முகாமைத்துவக் கோர்ஸ் செய்யட்டுமா?

பதில்:

அன்புள்ள தங்கச்சிக்கு,

கடிதத்தில் நீங்கள் முறைப்பாடாக எழுதியவற்றை விட, பெருமையாக எழுதிய ஒரு வரிதான் என்னை யோசிக்க வைத்தது. ஏழு மாதத்தில் ஒரு நாள்கூட லீவு எடுக்கவில்லை என்கிறீர்கள். நானும் ஒரு காலத்தில் அப்படிச் சொல்லித் திரிந்தவள்தான். பொதுச் சுகாதாரத் தாதிய சகோதரியாக வன்னிக்குள் மோட்டார்சைக்கிளின் பின்சீற்றிலும் பஸ் மிதிபலகையிலும் அலைந்த காலத்தில், நான் இல்லாவிட்டால் ஒன்றும் நடக்காது என்பது எனக்கு ஒரு பட்டம் மாதிரி இருந்தது. ஒருமுறை டெங்கு வந்து பத்து நாள் படுத்தேன். எழும்பிப் போய்ப் பார்த்தால் உண்மையிலேயே ஒன்றும் நடந்திருக்கவில்லை. அந்த வெட்கம் இன்னும் எனக்கு இருக்கிறது.

நாளைக்கு நீங்கள் படுத்தால் அந்த 640 பிள்ளைகளுக்கும் யார், எதை, எப்படிச் செய்வார்கள்? இதற்குப் பதில் தயாராக இருந்தால் நீங்கள் பொறுப்பாளர். இல்லாவிட்டால் நாள் முழுக்க ஓடி ஓடி வேலை செய்கிற ஒரு நல்ல நேர்ஸ். நீங்கள் தலைமை என்று கேட்பதை நான் இப்படித்தான் விளங்கிக்கொள்கிறேன். மேடையில் பேசுவதும் ஆட்களை விரட்டுவதும் இதற்குப் பெரிதாகத் தேவைப்படாது.

உங்கள் நிலைமை கொஞ்சம் விசித்திரமானது என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். நம் நாட்டு அரச பாடசாலைகளில் பள்ளிக்கூடத்துக்குள்ளேயே இருக்கிற தாதி என்பது வழக்கத்தில் இல்லை. அந்த வேலையைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை பார்க்கிறது: வைத்திய அதிகாரி, பி.எச்.ஐ. என்கிற பொதுச் சுகாதாரப் பரிசோதகர், குடும்பநல உத்தியோகத்தர், எங்களைப் போன்ற தாதிய சகோதரிகள். மருத்துவப் பரிசோதனைக்கு வருவார்கள், தரம் 6 பெண்பிள்ளைகளுக்கும் தரம் 7 பிள்ளைகளுக்கும் ஊசி போட வருவார்கள், பிறகு அடுத்த பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுவார்கள். தினமும் அங்கேயே நிற்கிற ஆள் நீங்கள் ஒருவர்தான். அதனால் உங்களுக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்து 'இப்படிச் செய் பிள்ளை' என்று சொல்லித்தர ஆள் இல்லை.

ஆள் இல்லாத இடத்தில் தொடங்கியவர் ஒருவரின் கதை சொல்கிறேன். 1902 ஒக்டோபரில் நியூயோர்க் நகரத்தில் லீனா ரொஜர்ஸ் என்ற தாதியை, அங்கே வீடுகளுக்குத் தாதிகளை அனுப்பும் சேவை நடத்திய லிலியன் வால்ட் என்பவர் நான்கு பள்ளிக்கூடங்களுக்கு ஒரு மாதப் பரீட்சார்த்தமாக அனுப்பினார். ரொஜர்ஸ் கனடாவில் பிறந்தவர். அதற்கு முதலே அந்தப் பள்ளிக்கூடங்களுக்கு வைத்தியர்கள் வந்து போய்க்கொண்டுதான் இருந்தார்கள். கண் நோய், பேன், சிரங்கு என்று கண்டால் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அனுப்பிய பிள்ளைக்கு வீட்டில் மருந்தும் இல்லை, தாய்க்கு விளக்கமும் இல்லை, பிள்ளை தெருவில் விளையாடிக்கொண்டு நிற்கும். ரொஜர்ஸ் சின்ன வருத்தங்களைப் பள்ளிக்கூடத்திலேயே பார்த்தார், மற்றவற்றுக்கு வீடு வீடாகப் போய்த் தாய்மாருக்குச் செய்து காட்டினார். 1902 செப்டெம்பரில் வீட்டுக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகள் 10,567 பேர். அடுத்த வருடம் செப்டெம்பரில் 1,101 பேர். மாதம் முடிந்ததும் நகரச் சுகாதாரச் சபை இன்னும் தாதிகளை நியமித்தது. தொடங்கிய அன்று ரொஜர்ஸின் கீழே ஒரு ஆள்கூட இல்லை, கையில் அதிகாரமும் இல்லை.

120 வருடம் கழித்து வன்னியில் இருந்துகொண்டு நான் இந்தக் கதையைச் சொல்ல முடிகிறதென்றால், யாரோ ஒருவர் அந்த எண்களை எண்ணி எழுதி வைத்ததால்தான். உங்கள் சிக் ரூமிலும் ஒரு கொப்பி இருக்கும். பெயர், வகுப்பு, வருத்தம், கொடுத்த மருந்து. வைத்தியசாலைப் பழக்கத்தில் அப்படித்தான் எழுதுவோம். அதில் இன்னும் இரண்டு கோடு போட்டுக்கொள்ளுங்கள்: பிள்ளை வந்த நேரம், பிறகு என்ன நடந்தது. திரும்ப வகுப்புக்குப் போனதா, வீட்டுக்கா, வைத்தியசாலைக்கா? ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பள்ளி விட்ட பிறகு அரை மணித்தியாலம் கதவைச் சாத்திவிட்டு, நாலு கோடு கிழித்துக் குறுக்கே ஒரு கோடு போட்டு எண்ணுங்கள். எந்த நேரத்தில் அதிகம், எந்த வகுப்பில் இருந்து அதிகம், திரும்பத் திரும்ப வருகிற பிள்ளை யார். கம்பியூட்டர் வேண்டாம். பென்சில் போதும்.

அப்படி எண்ணியதால் எனக்குக் கிடைத்த ஒரு பாடம் இது. ஏ9 வீதியில் இருந்து நன்றாக உள்ளே போகிற ஒரு பள்ளிக்கூடம், பெயர் வேண்டாம். அங்கே முதலுதவிப் பெட்டிக்குப் பொறுப்பான ரீச்சர் என்னைக் கண்டதும், "பனடோல் காணாது மிஸ், எத்தனை பெட்டி வந்தாலும் முடியுது" என்றார். கொப்பியை வாங்கிப் பார்த்தேன். தலையிடி, தலையிடி, தலையிடி. வெயில் காலம், அதுதான் என்று நினைத்துக்கொண்டு மூடப் போனேன். பிறகு பார்த்தால் எல்லாம் தரம் 9, 10, 11 பெண்பிள்ளைகள். எல்லாம் பதினொரு மணிக்குப் பிறகு. பெடியங்களும் அதே வெயிலில்தானே நிற்கிறார்கள்? அவர்களுக்கு ஏன் தலை இடிக்கவில்லை?

ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு மெதுவாகக் கேட்டேன், இன்றைக்கு எத்தனை தரம் தண்ணி குடிச்சனீங்கள் என்று. கொஞ்ச நேரம் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. "குடிக்கிறேல்லை மிஸ்." ஏன்? "குடிச்சா போக வேணும்." போய்ப் பார்த்தேன். மூன்று மலசலகூடம். இரண்டுக்கு உள்பக்கக் கொண்டி இல்லை. ஒரு பிள்ளை உள்ளே போனால் இன்னொரு பிள்ளை வெளியே நின்று கதவைப் பிடிக்க வேண்டும். மூன்றாவதில் கொண்டி இருந்தது, வாளி இல்லை. விடிய ஆறு மணிக்கு வீட்டில் தேத்தண்ணி குடித்துவிட்டு வருகிற பிள்ளை, இரண்டு மணிக்கு வீடு போகும் வரைக்கும் ஒரு மிடறு தண்ணி குடிக்காமல் அந்த வெயிலில் இருந்திருக்கிறது. கதவுக்குக் கொண்டி இல்லாததற்கு நாங்கள் பனடோல் கொடுத்துக்கொண்டு இருந்திருக்கிறோம்.

அதற்குப் பிறகு நான் செய்ததுதான் பிழை. ஆத்திரத்தில் பாடசாலைச் சுகாதார வசதிகளின் சீர்கேடு பற்றி இரண்டு பக்கத்துக்கு ஒரு கடிதம் எழுதி மேலிடத்துக்கு அனுப்பினேன். நல்ல தமிழ். ஆறு மாதம் பதில் இல்லை. பிறகு ஒரு நாள் அதே கொப்பியோடு அதிபரின் மேசைக்குப் போய், "சேர், இரண்டு கொண்டி, மூன்று வாளி வேணும்" என்றேன். எண்ணிய பக்கத்தைக் காட்டினேன். அன்று பின்னேரமே சந்திக் கடைக்கு ஆள் போனது. அதிபர் முதலே கெட்டவரும் இல்லை, பிறகு நல்லவராக மாறியதும் இல்லை. அவரால் செய்யக்கூடிய அளவில் ஒரு விஷயத்தை அவரிடம் அதுவரை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

உங்கள் அதிபர் 'பிளான்' என்று கேட்டாரே, அவருக்குத் தேவையானதும் இதுதான். இருபது பக்கத்தில் நோக்கம், இலக்கு என்று எழுதிக்கொண்டு போகாதீர்கள். வைத்தியசாலையில் இரவுக் கடமையில் நின்று டொக்டருக்குப் போன் எடுக்கும்போது எப்படிச் சொல்லப் பழகினீர்கள்? இப்போது நிலைமை இது, பின்னணி இது, என் கணிப்பு இது, உங்களிடம் இருந்து எனக்கு வேண்டியது இது. எஸ்.பி.ஏ.ஆர். என்று தாதியருக்குச் சொல்லித்தருகிற இந்த ஒழுங்கு அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் இருந்து வைத்தியசாலைக்கு வந்தது. பள்ளிக்கூடக் கூட்டத்துக்கும் அப்படியே பொருந்தும். ஒரு மாதிரி எழுதிக் காட்டுகிறேன், எண்கள் நான் சும்மா போட்டவை:

"கடந்த நான்கு கிழமையில் காலை 9 மணிக்கும் இடைவேளைக்கும் இடையில் வயிற்றுக்குத்து என்று 61 பிள்ளைகள் வந்தார்கள். அதில் 43 பேர் காலையில் ஒன்றும் சாப்பிடாதவர்கள், பெரும்பாலும் முதல் பஸ்ஸில் வருகிறவர்கள். பசிதான் காரணம் என்று நினைக்கிறேன். இலைக்கஞ்சியை இடைவேளை வரை வைத்திருக்காமல் பாடம் தொடங்க முதல் கொடுக்க அனுமதி வேண்டும். ஒரு மாதம் செய்துவிட்டுத் திரும்ப எண்ணிக் காட்டுகிறேன்."

ஐந்து வரி. இதைத் தாளில் எழுதிக் கொண்டுபோய்ப் பார்த்தே வாசியுங்கள், அதில் ஒரு வெட்கமும் இல்லை. நாக்கு ஒட்டுவது சொல்ல வேண்டியது எது என்று தெரியாதபோதுதான். இன்னொரு விஷயம், நம் ஊர்க் கூட்டங்களில் முடிவு கூட்டத்தில் எடுக்கப்படுவதில்லை, இரண்டு நாளைக்கு முதல் தேத்தண்ணியோடு எடுக்கப்படுகிறது. ஆகவே முதலே அதிபரிடம் தாளைக் காட்டிவிடுங்கள். கஞ்சி காய்ச்சுகிற அம்மாவிடமும் கேட்டுவிடுங்கள். அவர் விடிய எத்தனை மணிக்கு எழும்ப வேண்டி வரும் என்று யோசிக்காமல் போடுகிற பிளான் ஒரு கிழமைகூட நிற்காது. ஒரு கூட்டத்துக்கு ஒரு கோரிக்கை மட்டும். இரண்டு கொண்டு போனால் இலேசானதை 'ஓம்' என்றுவிட்டு மற்றதை மறந்துவிடுவார்கள்.

சரி, அக்காவின் விஷயத்துக்கு வருவோம். கடிதத்தில் அதுதான் உங்களுக்கு அதிகம் வலிக்கிறது என்று தெரிகிறது.

"நீங்கள் படிச்ச ஆள், நாங்கள் பட்ட ஆக்கள்." நீங்கள் இதைக் குத்தலாக எடுத்திருக்கிறீர்கள். குத்தல் இருக்கலாம். ஆனால் வன்னியில் 52 வயதில் ஒரு சுகாதாரத் தொண்டர் என்றால், 2009 இல் அவர் எங்கே நின்றார், எதைக் கொண்டு யாருக்குக் காயம் கட்டினார் என்று ஒருமுறையாவது கேட்டீர்களா? எனக்குத் தெரிந்த தொண்டர்கள் சிலர் சீலையைக் கிழித்து அவித்துக் காயவைத்து மருந்து கட்டியவர்கள். அப்படிப்பட்டவருக்கு இருபத்தொன்பது வயதுப் பிள்ளை ஒன்று வந்து 'அக்கா, கையுறை போட்டீங்களா?' என்று பிள்ளைகளுக்கு முன்னால் கேட்டால் எப்படி இருக்கும்? கையுறை போடத்தான் வேண்டும். கேட்ட இடம்தான் பிழை.

முதலில் அவரிடம் நீங்கள் ஒன்றைக் கற்றுக்கொள்ளுங்கள், நடிப்புக்காக இல்லாமல் உண்மையாகவே. கொப்பியில் திரும்பத் திரும்ப வருகிற மூன்று பிள்ளைகளின் பெயரை எடுத்து, "அக்கா, இந்த வீடுகளுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போவீங்களா?" என்று கேளுங்கள். எந்த வீட்டில் தகப்பன் இல்லை, எந்த வீட்டில் தாய் வெளிநாட்டில், எந்த வீட்டுக்கு முன்வாசலால் போகாமல் கிணற்றடியால் போனால்தான் கதைப்பார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். உங்கள் டிப்ளோமாவில் அது இல்லை. மூன்று வீடு போய் வருவதற்குள் உங்கள் இருவருக்கும் இடையில் இருக்கிற இடைவெளியில் பாதி கரைந்துவிடும்.

மற்றப் பாதி கரையக் கூடாது. மருந்துப் பெட்டியின் திறப்பு உங்களிடம் இருக்க வேண்டும். இதை அவரோடு தனியே இருந்து, பிள்ளைகள் இல்லாத நேரத்தில், நேராகச் சொல்லுங்கள்: "அக்கா, காயம் கழுவுறது, காய்ச்சல் அளக்கிறது, பேன் பார்க்கிறது, வீட்டுக்குப் போறது, இதெல்லாம் நீங்கள் என்னைக் கேட்கவே தேவையில்லை. குளிசை கொடுக்கிறது மட்டும் நான் எழுதித் தந்தபடிதான். ஏதும் பிழைச்சால் பதில் சொல்ல வேண்டியது நான், உங்களை அதில் மாட்ட விடமாட்டேன்." பிறகு அதை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்து வையுங்கள். அவர் தனியே செய்யக்கூடியது, உங்களிடம் கேட்டுச் செய்ய வேண்டியது, ஒருவரையும் கேட்காமல் உடனே வைத்தியசாலைக்கு அனுப்ப வேண்டியது. வேலையைப் பிரித்துக் கொடுக்கலாம் தங்கச்சி, பிள்ளையின் நிலைமையைக் கணிக்கிற பொறுப்பைக் கொடுக்க முடியாது. அதற்குத்தான் உங்களுக்குச் சம்பளம். இதற்குப் பிறகும் அவர் தன்பாட்டில் மருந்து கொடுத்தால், அப்போது அதிபரிடம் போங்கள். அதற்கு முதல் போனால் நீங்கள் கோள் சொன்ன பிள்ளை ஆகிவிடுவீர்கள்.

விடுதிப் பொறுப்பாளர் பற்றி நீங்கள் அதிகம் எழுதவில்லை, ஆகவே நானும் அதிகம் எழுதவில்லை. இரவு மருந்து எடுக்கிற பிள்ளைகளுக்கு ஒரு தாள், கொடுத்த நேரம், கையெழுத்து. அது ஒழுங்காக நடந்தால் மற்றதெல்லாம் தானாக வரும்.

நாற்பது பேர் வருவது வருத்தத்தால் மட்டும் இல்லை, ஆசிரியர்களாலும்தான். பிள்ளை முகத்தைச் சுளித்தால் 'மிஸ்ஸியிட்ட போ' என்பது அவர்களுக்கு இலேசு. கோபிக்காதீர்கள், முப்பத்தைந்து பிள்ளைகளோடு நிற்கிறவருக்கு ஒரு பிள்ளை குறைந்தால் நிம்மதி. ஒரு சின்னத் துண்டு முறை வையுங்கள்: நேரம், காரணம், ஆசிரியரின் கையெழுத்து. எழுத வேண்டும் என்றாலே பாதிப் பேர் வகுப்பில் இருந்துவிடுவார்கள். ஆனால் மூச்சு இழுக்கிற பிள்ளை, மயங்கிய பிள்ளை, வலிப்பு வந்த பிள்ளை, ஏதாவது கடித்த பிள்ளை, இவர்களுக்குத் துண்டும் வேண்டாம், நடத்திக்கொண்டும் வர வேண்டாம், ஆள் அனுப்பி உங்களைக் கூப்பிட வேண்டும். ஆசிரியர் கூட்டத்தில் பத்து நிமிடம் கேட்டு வாங்கி, ஆஸ்துமா இழுப்பு எப்படி இருக்கும், இன்ஹேலர் பம்பை எப்படிப் பிடிப்பது என்று செய்து காட்டுங்கள். அந்தப் பத்து நிமிடத்துக்குப் பிறகு உங்களை அவர்கள் பார்க்கிற பார்வை வேறாக இருக்கும்.

பாம்புக்கும் ஒரு ஒத்திகை செய்ய வேண்டும். வன்னியில் மாரி தொடங்கினால் பற்றைக்குள் விழுந்த பந்தை எடுக்கப் போகிற பெடியன் எந்தப் பள்ளிக்கூடத்திலும் ஒருவன் இருப்பான். கடித்த இடத்தைக் கீறக் கூடாது, இறுக்கிக் கட்டக் கூடாது, பிள்ளையை நடக்க விடக் கூடாது, கடித்த அங்கத்தை அசையாமல் வைத்து வைத்தியசாலைக்குக் கொண்டு போக வேண்டும். இது உங்களுக்குத் தெரியும். காவலாளிக்குத் தெரியுமா? 1990க்கு யார் போன் எடுப்பது? 2018 இல் இருந்து அந்த இலவச அம்புலன்ஸ் வடக்கிலும் ஓடுகிறது, ஆனால் உங்கள் பாடசாலைக்கு வழி சொல்லத் தெரிந்த ஒருவர் போனில் இருக்க வேண்டும். பெரிய கேற்றின் திறப்பு யாரிடம்? பிள்ளையோடு யார் போவது, பெற்றாருக்கு யார் சொல்வது? சுகாதாரக் கழகப் பிள்ளை ஒன்றைப் பாம்பு கடித்தது போல நடிக்கச் சொல்லி, மணிக்கூட்டைப் பிடித்துக்கொண்டு ஒருமுறை செய்து பாருங்கள். முதல் முறை பெரிய பகிடியாகத்தான் முடியும். நாங்கள் செய்தபோது கேற்றின் திறப்பை வைத்திருந்தவர் கடைக்குப் போயிருந்தார். பிறகு திறப்பு அலுவலகச் சுவரில் ஓர் ஆணியில் தொங்கத் தொடங்கியது.

பெற்றார் விஷயத்தில் என் பிழை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 2017 இல் தரம் 6 பெண்பிள்ளைகளுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கு எதிரான எச்.பி.வி. தடுப்பூசி வந்த புதிது. ஒரு பள்ளிக்கூடத்தில் மேசை, குளிர்ப்பெட்டி, பட்டியல், கட்டில் எல்லாம் ஒழுங்கு. தாய்மாரை மட்டும் நான் யோசிக்கவே இல்லை, படிவம் அனுப்பியாயிற்று என்று இருந்துவிட்டேன். பத்து மணிக்கு வாசலில் ஐந்தாறு பேர். இது பிள்ளை பெறாமல் செய்கிற ஊசியாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நான் கேற்றுக்கு உள்ளே நின்றுகொண்டு குரலை உயர்த்திவிட்டேன். பாதிப் பிள்ளைகளுக்கு அன்று ஊசி போட முடியவில்லை. அடுத்த முறை ஒரு கிழமைக்கு முதலே தாய்மாரைக் கூப்பிட்டு மரத்தடியில் இருந்து கதைத்தோம். அன்று அதிகம் சத்தம் போட்ட அம்மாவை எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருத்தினேன். எல்லாக் கேள்வியையும் அவரே கேட்டார். நான் சொன்ன மறுமொழியை அவரே மற்றவர்களுக்குத் தன் பாஷையில் திருப்பிச் சொன்னார். ஆறு மாதம் கழித்து இரண்டாவது ஊசிக்கு அவர்தான் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தினார். நீங்கள் அங்கேயே இருக்கிற ஆள், பணிமனை வருகிற திகதியை முதலே கேட்டு வைத்து இந்த வேலையைச் செய்து கொடுத்தால், பி.எச்.ஐ. உங்களைத் தன் ஆளாகவே பார்க்கத் தொடங்குவார்.

கூட்டத்துக்கு எண்ணைக் கொண்டு போங்கள், பெயரைக் கொண்டு போகாதீர்கள். விடுதிப் பிள்ளை ஒன்று உங்களிடம் அழுதுகொண்டு சொல்கிற விஷயம் மாதக் கூட்டத்தின் குறிப்பில் வந்தால், அதற்குப் பிறகு எந்தப் பிள்ளையும் உங்கள் கதவைத் தட்டாது. ஆனால் 'ஒருவருக்கும் சொல்லமாட்டேன்' என்று பிள்ளைக்கு வாக்குக் கொடுக்கவும் வேண்டாம். பிள்ளைக்கு யாராவது தீங்கு செய்கிறார்கள் என்று சந்தேகம் வந்தால், அதைக் கூட்டத்தில் வைத்து யோசிக்க நேரம் இல்லை. சிறுவர் பாதுகாப்புக்கான 1929 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது, பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார். யாருக்குச் சொல்லப் போகிறீர்கள் என்பதைப் பிள்ளைக்கே முதலில் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். நிர்வாகம் 'பள்ளிக்கூடத்தின் பெயர் கெட்டுவிடும்' என்று இழுத்தாலும் செய்யுங்கள்.

கோர்ஸ். இப்போது வேண்டாம். ஹோட்டல் மண்டபத்தில் இரண்டு நாள் வைத்து, மதியம் புரியாணி தந்து, கடைசியில் சேட்டிபிக்கட்டோடு அனுப்புகிற தலைமைத்துவப் பயிற்சிகள் பலவற்றுக்கு நானும் போயிருக்கிறேன். புரியாணி நன்றாக இருந்தது. ஒரு வருடம் இந்தக் கொப்பியோடு வேலை செய்த பிறகு படிக்கப் போங்கள், அப்போது கேட்பதற்கு உங்களிடம் சொந்தக் கேள்விகள் இருக்கும். இலங்கைத் தாதியர் பேரவையில் உங்கள் பதிவு இருந்தால் திறந்த பல்கலைக்கழகத்தின் தாதியியல் பட்டத்தைப் பற்றி யாழ்ப்பாண நிலையத்தில் விசாரியுங்கள், வேலையில் இருந்துகொண்டே செய்யலாம். ஆங்கிலத்தில்தான் படிக்க வேண்டும், அதற்கு இன்றைக்கே ஒரு நாளைக்கு அரை மணித்தியாலம் ஒதுக்கத் தொடங்கினால் நல்லது. அரச சேவைக்கு எப்போதாவது போனால் களுத்துறையில் பொதுச் சுகாதாரப் பயிற்சி இருக்கிறது. 1926 இல் இந்த நாட்டின் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கிய இடம் அது.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது வேறு. அக்காவோடு அந்தத் தாளில் கையெழுத்து வைத்து, பாம்பு ஒத்திகையும் ஒருமுறை செய்த பிறகு, பரீட்சை இல்லாத ஒரு புதன்கிழமையாகப் பார்த்து ஒரு நாள் லீவு போடுங்கள். வீட்டுக்குப் போய் அம்மாவின் கையால் சாப்பிடுங்கள். பகல் முழுக்கப் போன் எடுத்து 'அங்கே என்ன நடக்குது' என்று கேட்கக் கூடாது. வியாழக்கிழமை காலையில் போனதும் முதல் வேலையாகப் புதன்கிழமைப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். எத்தனை பேர் வந்தார்கள், யாருக்கு என்ன செய்யப்பட்டது, நேரம் எழுதியிருக்கிறதா, அக்கா எந்த இடத்தில் தடுமாறியிருக்கிறார் என்று தெரியும். அவரைத் திட்ட வேண்டாம். அவர் தடுமாறிய இடம் நீங்கள் சொல்லிக்கொடுக்காத இடம், அடுத்த கிழமை அதில் இருந்து தொடங்குங்கள்.

பிள்ளைகளின் பெயர்களை மறைத்துவிட்டு அந்தப் பக்கத்தில் என்ன இருந்தது என்று எனக்கும் எழுதுங்கள். பக்கம் வெறுமையாக இருந்தாலும் எழுதுங்கள். டெங்குவுக்குப் பிறகு நான் திறந்த கொப்பியில் பத்து நாளும் வெறுமையாகத்தான் இருந்தது.